மீன் பிடிக்கக் கால் வேண்டாம், வழி வேண்டும்!

தாம்பரம் ஏரிக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி.

சேலையூரில் ஒரு வீட்டு வாசல். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது. ஓட்டுகிறவர் ஒரு தையல்காரர். வயது 45. குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு கால்களும் சூம்பிப் போயின.

பின்னால் உட்கார்ந்திருப்பது அவருடைய மகள். வயது 10. அவள் கையில் ஒரு பழைய டப்பா. டப்பாவுக்குள் என்ன? மண்புழு!

எங்கே புறப்பாடு? மீன் பிடிக்க!

தையல்காரர் எனக்குப் பல வருஷப் பழக்கம். "அண்ணே, நீங்களும் வாங்க. வேடிக்கையாவது பாருங்க" என்று கூப்பிட்டார்.

"உன்னால் முடியுமா, அப்பா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் சிரித்தார்.

"மீன் பிடிக்கக் கால் எதுக்கு, அண்ணே? கைதானே வேணும்!"

அவருடைய மடக்குச் சக்கர நாற்காலியை ஓர் ஆட்டோவில் ஏற்றினேன். ஸ்கூட்டர் முன்னால் போயிற்று. நான் பின்னால் போனேன்.

வாசலிலே தடை!

நாங்கள் போன ஏரி தாம்பரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பல ஏரிகளின் கதை இதுதான்.

ஏரியைச் சமீபத்தில் அழகுபடுத்தியிருந்தார்கள். கரை மேல் நடைபாதை. சுற்றிலும் கம்பி வேலி. வாசலில் பெரிய பலகை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் மூன்று இரும்புத் தூண்கள். மோட்டார் சைக்கிள் உள்ளே போகாமல் இருக்க நட்டவை. தூணுக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி ஒன்றரை அடி. சக்கர நாற்காலியின் அகலமோ இரண்டு அடிக்கு மேல். எப்படிப் போகும்?

தூணைத் தாண்டினால் கரை மேல் ஏற எட்டுப் படிகள். சரிவுப் பாதை கிடையாது.

நடைப் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் மூன்று பேர் ஓடி வந்தார்கள். "அண்ணா, நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்றார்கள். நல்ல பிள்ளைகள்.

தையல்காரர் கை கூப்பினார். "வேணாம் தம்பி. இன்னிக்குத் தூக்குவீங்க. அடுத்த வாரம் யாரு தூக்குவாங்க? அதுவும் இல்லாம, நான் என்ன அரிசி மூட்டையா?"

பிறகு எங்களைக் கலங்கல் பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு பழைய வண்டிப் பாதை. மண் வண்டிகள் ஏறி இறங்கிய சரிவு. மேடு பள்ளமாக இருந்தது. ஆனாலும் நாற்காலி மெல்ல மெல்ல ஏறியது. நான் பின்னால் ஒரு கை கொடுத்தேன்.

"அண்ணே, சின்ன வயசில கரை முழுக்க இந்த மாதிரிச் சரிவுதான். தவழ்ந்தே வந்துடுவேன். ஏரி அழகாச்சு. எனக்கு வாசல் அடைஞ்சு போச்சு" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எத்தனை ஏரிகள்!

தாம்பரம் வட்டாரம் ஏரிகளின் வட்டாரம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, இரும்புலியூர், முடிச்சூர், பல்லாவரம் என்று ஊருக்கு ஊர் ஏரி உண்டு. நம் முன்னோர் நெல் பாசனத்துக்காக வெட்டியவை.

ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கத்து நீர் ஏரி ஏரியாக இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேரும். பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கத்து நீர் அடையாற்றை நோக்கி ஓடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதை யார் மறப்பார்கள்?

இன்று வயல்கள் வீடுகளாகிவிட்டன. ஏரிகள் மிச்சம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம், பம்மல், அனகாபுத்தூர் ஆகிய ஐந்து நகராட்சிகளும், அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகள் ஐந்தும் அதில் சேர்ந்தன.

இந்த ஏரிகள் இனி எதற்கு? மழை நீரைத் தாங்க. நிலத்தடி நீரைக் காக்க. ஜனங்கள் கொஞ்சம் மூச்சு விட. அந்த ஜனங்களில் நடக்க முடியாதவர்களும் உண்டு அல்லவா?

என்ன மீன்? எப்படிப் பிடிப்பது?

இங்கிலாந்தில் நல்ல தண்ணீர் மீனை இரண்டு ஜாதியாகப் பிரிப்பார்கள். சால்மனும் டிரவுட்டும் உயர்ந்த ஜாதி. கெண்டை முதலிய மற்றவை எல்லாம் 'முரட்டு மீன்'. நமக்கு அந்த வித்தியாசம் இல்லை. கெண்டைதான் நமக்கு ராஜா!

நம் ஏரிகளில் என்னென்ன உண்டு? கெண்டை, கட்லா, ரோகு, விரால், குரவை, கெளுத்தி, ஜிலேபி. இவற்றில் ஜிலேபிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1952-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது இல்லாத குளம் இல்லை. ஜிலேபியில் தாய் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். அதனால்தான் இப்படிப் பெருகிவிட்டது.

தையல்காரரின் சாமான்கள் மிகவும் சாதாரணம். எட்டடி மூங்கில் கம்பு. தங்கூசி நரம்பு. மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை. சின்ன ஈயக்குண்டு. தூண்டில் முள். அவ்வளவுதான்.

இரை? ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் மண்புழு. கெண்டைக்குப் பிசைந்த கோதுமை மாவு. கட்லாவுக்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும்.

புறப்படும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விடுவார்கள். மீன் பாசிக் குத்தகை என்று பெயர். குத்தகைக்காரரிடம் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. தையல்காரர் முன்பே கேட்டு வைத்திருந்தார். "தூண்டில்தானே? போட்டுக்கோ" என்று அவர் சொல்லிவிட்டாராம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வேறு விஷயம். அது வனத்துறையின் காவலில் உள்ள இடம். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே தூண்டிலே கூடாது.

சிவப்பாக ஒரு கொதிப்பு!

தக்கை அசையவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்குப் போகவில்லை.

திடீரென்று மகள் கத்தினாள். "அப்பா! பெரியப்பா! அங்க பாருங்க, தண்ணி சிவப்பாக் கொதிக்குது!"

கரையோரம் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் குமிழியிட்டது. பொடிப் பொடியாகச் சிவந்த குஞ்சுகள்!

"விரால் குஞ்சு, கண்ணு. மூச்சு வாங்க மேல வருது. அடியில பெத்ததுங்க காவல் இருக்கும். அங்க தூண்டில் போடக் கூடாது. பெத்தவங்களைப் பிடிச்சுட்டா குஞ்சுங்க கதி என்ன?" என்றார் அப்பா.

மகள் தலையாட்டினாள். நாற்காலி பத்தடி தள்ளிப் போயிற்று. அன்று அவள் கற்ற பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சற்று நேரத்தில் தக்கை ஒரே முழுக்காக முழுகியது. தையல்காரர் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி! துணி வெட்டுகிற கைக்குத் தூண்டில் என்ன பெரிது?

கண் தெரியாதவருக்கு ஒரு மணி

கால் இல்லாதவர் மட்டும்தானா? தூண்டில் எல்லாருக்கும் இடம் கொடுக்கும்.

கண் தெரியாதவரா? கம்பின் நுனியில் ஒரு சின்ன மணியைக் கட்டுங்கள். மீன் இழுத்தால் மணி அடிக்கும். அல்லது நரம்பை விரல் மேல் ஓட விடுங்கள். மீன் கொத்துவது விரலுக்குத் தெரியும்.

ஒரு கைதான் உள்ளவரா? கவைக் குச்சி ஒன்றைத் தரையில் ஊன்றிக் கம்பை அதில் சாத்துங்கள். சக்கர நாற்காலியாக இருந்தால் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கட்டி, கம்பை அதில் செருகலாம்.

காது கேளாதவரா? அவருக்கு ஒரு குறையும் இல்லை. தூண்டில் போடுகிற இடத்தில் பேசாமல் இருப்பவர்தான் கெட்டிக்காரர்!

ஜாக்கிரதை!

தண்ணீர் விளையாட்டுப் பொருள் அல்ல. தாய்மார்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

நாற்காலியைத் தண்ணீரைப் பார்த்து நேராக நிறுத்தக் கூடாது. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நிறுத்துங்கள். பிரேக்கைப் போடுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையோ செங்கல்லோ வையுங்கள்.

இயந்திரம் வைத்துத் தூர்வாரிய ஏரியில் ஆழம் திடீரென்று விழும். இரண்டடி தாண்டினால் இரண்டு ஆள் ஆழம் இருக்கலாம். தனியாகப் போகவே கூடாது. மிதவைச் சட்டை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. உடம்புச் சூடு சட்டென்று ஏறிவிடும். காலை 9 மணிக்குள் வீடு திரும்புங்கள். குடை, தொப்பி, குடிதண்ணீர் அவசியம். கால் மணிக்கு ஒரு முறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி உட்காருங்கள். ஒரே இடத்தில் அழுத்தினால் புண் வரும்.

கை கால் மரத்துப் போனவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் விரல் விரலாகப் பாருங்கள். கெளுத்தியின் முள் பொல்லாதது. துணியால் பிடியுங்கள். உடம்பில் புண் இருந்தால் ஏரித் தண்ணீர் படக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும்.

குழம்புக்கு ஆகுமா?

தையல்காரர் மொத்தம் நான்கு ஜிலேபி பிடித்தார். நான்கையும் திரும்ப ஏரியிலேயே விட்டார்!

"என்னப்பா இது?" என்றேன்.

"அதோ பாருங்க" என்று கை காட்டினார். ஒரு கால்வாய் வழியாகச் சாக்கடை நீர் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சாக்கடை கலக்கும் ஏரியின் மீனைச் சாப்பிடக் கூடாது. கறியாக்க வேண்டுமானால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் ஏரியைத் தேடிப் போங்கள். ஆனால் ஆப்பிரிக்கக் கெளுத்தி அகப்பட்டால் திரும்ப விடாதீர்கள். அது மற்ற மீன்களை விழுங்கித் தீர்க்கும். அதை வளர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 2000-ல் தடை போட்டிருக்கிறது.

பிடித்த மீனைத் திரும்ப விடுவது இங்கிலாந்தில் சாதாரண வழக்கம். அங்கே அது பொழுதுபோக்கு. ஊனமுற்றவர்களுக்குத் தூண்டில் உரிமச் சீட்டில் கட்டணச் சலுகையும் உண்டு.

அமெரிக்காவில் மீன் பிடிக்கும் மேடைக்கே விதி எழுதியிருக்கிறார்கள். மேடையைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி போட்டால், அதில் கால் பங்காவது 34 அங்குலத்துக்கு மேல் உயரம் போகக் கூடாது. ஏன்? நாற்காலியில் உட்கார்ந்தவர் கம்பிக்கு மேலே தூண்டிலை நீட்ட வேண்டுமே! சக்கரம் உருண்டு விழாமல் விளிம்பில் இரண்டு அங்குல மேடும் வேண்டும். இவ்வளவுதான் விஷயம். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

மெரினாவில் முடிந்ததே!

"நம் ஊரில் இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பவர்கள் மெரினாவைப் பாருங்கள்.

மணலில் சக்கரம் உருளாது. அதனால் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் சாலையிலிருந்தே கடலைப் பார்த்தார்கள். 2022 நவம்பரில் அங்கே 263 மீட்டர் நீளத்துக்கு மரப் பாதை திறந்தார்கள். அலை அருகே போய்க் கடல் காற்று வாங்கினார்கள்! அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்தது. பாதையின் ஒரு பகுதி சேதமாயிற்று. அதோடு விட்டுவிட்டார்களா? இல்லை. சரி செய்தார்கள். 2024-ல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. கடலுக்குப் பாதை போட முடிந்தவர்களுக்கு ஏரி எம்மாத்திரம்?

சட்டமும் நம் பக்கம். 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. படிப்பும் வேலையும் மட்டும் அல்ல, பொழுதுபோக்கும் விளையாட்டும் அவர்களுடைய உரிமை என்கிறது.

நான்கே நான்கு வேண்டுகோள்

என்ன வேண்டும்? கோடி ரூபாய் வேண்டாம். இவை போதும்:

1. வாசல்: தூண்களுக்குப் பக்கத்தில் மூன்றடி அகலக் கதவு ஒன்று. காவலாளி திறந்துவிடலாம்.

2. சரிவுப் பாதை: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்க வேண்டும். ஐந்தடிக் கரைக்கு அறுபதடிச் சரிவு. நான்கடி அகலம். இரு பக்கமும் கைப்பிடி. நடுவில் நின்று இளைப்பாறச் சமமான இடம்.

3. மேடை: தண்ணீர் ஓரம் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். நாற்காலி திரும்ப அந்த இடம் வேண்டும். விளிம்பில் தடுப்பு. தாழ்ந்த கைப்பிடிக் கம்பி. ஒரு மர நிழல்.

4. கழிப்பறை: நாற்காலி நுழைகிற கதவுள்ள ஒரே ஒரு கழிப்பறை. இது இல்லாததாலேயே தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வருகிறவர்கள் பலர்.

இந்தச் சரிவு யாருக்கெல்லாம் உதவும்? முழங்கால் வலிக்கிற பாட்டிக்கு உதவும். குழந்தை வண்டி தள்ளுகிற தாய்க்கு உதவும். நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் உதவும். யாருக்குத்தான் வயதாகாது?

மகள் எழுதிய மனு

திரும்பும்போது கலங்கல் பக்கம் நின்றோம். ஜல்லியும் சிமென்டும் குவிந்திருந்தன.

"அடுத்த மாசம் இந்தச் சரிவையும் இடிச்சுப் படி கட்டப் போறாங்களாம்" என்றார் தையல்காரர்.

நான் திடுக்கிட்டேன். இருக்கிற ஒரே வழியும் போகப் போகிறதே!

வீட்டுக்கு வந்தோம். அவர் மனைவி வாசலுக்கு வந்தார். வெறும் டப்பாவைப் பார்த்தார்.

"என்ன அண்ணா, இன்னிக்கும் சாம்பார்தானா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். "பெரியப்பா, மனு எப்படி எழுதணும்?" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்:

"ஐயா, வணக்கம். என் அப்பா சக்கர நாற்காலியில் வருகிறவர். ஏரிக்கரைக்குப் போக ஒரு சரிவுப் பாதைதான் இருக்கிறது. அதை இடித்துப் படி கட்டப் போவதாகக் கேள்விப்பட்டோம். படி கட்ட வேண்டாம். அந்தச் சரிவையே நன்றாகப் போட்டுத் தாருங்கள். வாசலில் மூன்றடிக் கதவு வையுங்கள். இப்படிக்கு..."

தேதி, ஏரியின் பெயர், முகவரி எழுதினாள். அப்பா கையெழுத்துப் போட்டார். கீழே தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். காலையில் தூக்க வந்த மூன்று இளைஞர்களும் போட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்கினோம்.

பதில் இன்னும் வரவில்லை. ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது. 2019 கோடையில் சிட்லபாக்கம் ஏரி வறண்டு கிடந்தபோது ஊர் மக்களே மண்வெட்டியோடு இறங்கினார்கள். பிறகு அரசு 25 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. ஊர் கூடினால் தேர் ஓடும். சக்கர நாற்காலி ஓடாதா?

உங்கள் ஊர் ஏரிக்கரைக்கும் ஒரு முறை போய்ப் பாருங்கள். வாசலின் அகலத்தை அளந்து பாருங்கள். மூன்றடி இல்லாவிட்டால் நீங்களும் ஒரு மனு எழுதுங்கள். பத்து வயதுப் பெண் எழுதினாளே!

தூண்டிலில் மீன் அகப்படுவது அதிர்ஷ்டம். கரைக்குப் போய்ச் சேருவதும் அதிர்ஷ்டமாக இருக்கலாமா?